திருச்சியில் விமானம் ஏறுமுன்: முதல்முறை வெளிநாடு செல்வோருக்கு ஒரு ரோமிங் வழிகாட்டி

மன்னார்குடி, பாபநாசம், திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடு தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். பேரப்பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் பெரியவர்கள் பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, வடகத்தையும் ஊறுகாயையும் கட்டி வைத்துக்கொண்டு, வாடகை வேனில் திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பெட்டியை மூன்று முறை எடைபோட்டுப் பார்க்கும் வீடுகளில்கூட, கையில் எடுத்துச் செல்லும் கைப்பேசி அங்கே போய் வேலை செய்யுமா என்று ஒருமுறை பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை வாசலில் நின்று, "தம்பி, போனுக்கு ரீசார்ஜ் பண்ணியாச்சு, அங்க போனாலும் இது பேசும்ல?" என்று கேட்டார். "இது நம்ம ஊருக்கு மட்டுந்தான் பெரியம்மா. போனைக் கொடுங்க, பாத்துத் தர்றேன்" என்று வாங்கி உட்கார்ந்தபோது இரவு பத்து மணியாகிவிட்டது. அவருக்கு அன்று அவசரமாகச் செய்து கொடுத்ததையே நிதானமாகச் செய்துகொள்ள விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரோமிங் என்றால் என்னவென்று விளங்கிக்கொள்வது நல்லது. நம் சிம்மை விற்ற நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் டவர் கிடையாது. அங்கே இறங்கியதும் நம் கைப்பேசி சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்ற அந்த ஊர் நிறுவனங்களில் ஒன்றின் டவரில் விருந்தாளியாக ஒட்டிக்கொள்கிறது. அந்த நிறுவனம் நம் ஊர் நிறுவனத்திடம் "இந்த எண் உங்களுடையதுதானா, இதற்கு இணைப்புக் கொடுக்கலாமா" என்று கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகே சிக்னல் தருகிறது. பயன்படுத்தியதற்கான தொகையை இரு நிறுவனங்களும் தமக்குள் தீர்த்துக்கொண்டு, கடைசியில் அதை நம்மிடம் வசூலிக்கின்றன. ரோமிங்கில் நாம் திறக்கும் டேட்டா வழக்கமாக அந்த ஊரிலிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. அது முதலில் இந்தியாவிலுள்ள நம் நிறுவனத்துக்கு வந்து, இங்கிருந்து இணையத்துக்குச் சென்று, மீண்டும் அதே வழியில் திரும்புகிறது. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போக வேண்டியவர் தஞ்சாவூரைச் சுற்றிக்கொண்டு போவதைப் போன்றது இது. ஆகவே அங்கே ஐந்து கோடு சிக்னல் காட்டினாலும் பக்கம் திறக்கச் சற்று நேரமாகலாம். கைப்பேசி கெட்டுவிட்டது என்று பதறி அமைப்புகளைக் கண்டபடி மாற்றத் தேவையில்லை.

28 நாள் அன்லிமிடெட் என்று நாம் போடும் ரீசார்ஜ் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். ரோமிங் பேக், அதாவது வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கென்று தனியாகப் போடும் ரீசார்ஜ், எதுவும் இல்லாமல் அங்கே டேட்டாவைத் திறந்தால், சாதாரண ரோமிங் கட்டணம் ஓடத் தொடங்கும். அந்தக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஜிபிக் கணக்கில் சொல்லாமல் எம்பிக்கு இவ்வளவு, பத்து கேபிக்கு இவ்வளவு என்று சிறு சிறு அலகாகச் சொல்வதால், படிக்கும்போது சின்னத் தொகையாகத் தோன்றும். கணக்குக்காகப் பத்து கேபிக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேரனின் புகைப்படம் ஒன்று 2 எம்பி இருக்குமானால், அது 2,048 கேபி, அதாவது பத்து கேபி வீதம் 205 அலகு. அந்த ஒரு படம் வந்து இறங்குவதற்கு 1,025 ரூபாய் ஆகிவிடும். பிரீபெய்டு சிம்மாக இருந்தால் மெயின் பேலன்ஸ் தீர்ந்ததோடு நின்றுவிடும். போஸ்ட்பெய்டாக இருந்தால் ஊர் திரும்பிய பிறகு, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து பில்லாக வரும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்க முதல்முறை சிங்கப்பூர் சென்றபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பிரீபெய்டு சிம்மில் 500 ரூபாய் மெயின் பேலன்ஸ் போட்டுக்கொண்டேன். பேக் எதுவும் போடவில்லை. டேட்டா ரோமிங் திறந்தே இருந்தது எனக்குத் தெரியாது. சாங்கி விமான நிலையத்தில் ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டுக் குடிநுழைவு வரிசையில் நின்ற அந்தச் சிறிது நேரத்துக்குள், புறப்படும்போது எடுத்த வீட்டுப் படங்களைக் கைப்பேசி தானாகவே மேகச் சேமிப்புக்கு, அதாவது கிளவுடுக்கு, ஏற்றத் தொடங்கியிருக்கிறது. வரிசையின் முன்னால் வந்தபோது இருப்பு சில ரூபாயாகக் குறைந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்திருந்தது. வெளியே காத்திருந்த மகளுக்கு ஒரு அழைப்புப் போடக்கூட அதில் இடமில்லை. விமான நிலையத்தின் இலவச வைஃபையில் சேர்ந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடும்வரை, பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் முதலில் சொல்வது, கைப்பேசியைப் பற்றிய முடிவுகள் அனைத்தையும் நம் வீட்டுக் கூடத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்பதுதான். அந்நிய ஊரில் இறங்கிய களைப்பில், கூட்டத்துக்கு நடுவே, கண்ணாடியைத் தேடிக்கொண்டு எடுக்கும் முடிவு சரியாக அமைவதில்லை.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே தொடங்குங்கள்

கைப்பேசியும் சிம்மும் அந்த நாட்டுக்குப் பொருந்துமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டது. மலேசியா 2021 இறுதியில் 3ஜியை மூடியது. ஆகவே 2ஜியில் மட்டும் ஓடும் பழைய பட்டன் போன் சிங்கப்பூரில் வெறும் கடிகாரமாகத்தான் பயன்படும். ஸ்மார்ட்போனாக இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய 3ஜி காலத்துச் சிம் என்றால், 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள். அமைப்புகளில் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் டேட்டா ஓடும், அழைப்பு மட்டும் போகாது என்ற குழப்பம் நேரலாம். சிம்மை மாற்றுவதைப் பயணத்துக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். மோசடியைத் தடுக்கும் பொருட்டு, சிம் மாற்றிய பின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்படும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. அந்த நேரத்தில் வங்கி ஓடிபியும் வராது.

அடுத்தது உள்நாட்டு வேலிடிட்டி. ரோமிங் பேக் தனி, நம் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் உள்நாட்டு ரீசார்ஜ் தனி. மூன்று மாதம் மகன் வீட்டில் தங்கப் போகிறவரின் எண்ணுக்குப் பயணத்தின் நடுவில் வேலிடிட்டி முடிந்துபோனால், பென்ஷன் கணக்கின் ஓடிபியும் எரிவாயு முன்பதிவுச் செய்தியும் வந்து சேராது. இதற்காக டேட்டாவோடு கூடிய பெரிய பிளான் போட வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட பிளான்களை நிறுவனங்கள் தருகின்றன. நீண்ட நாள் தங்குவோருக்கு அதுவே போதுமானது. திரும்பி வரும் தேதிக்கு மேல் பத்து நாளாவது மிச்சம் இருக்கும்படி போட்டுவிடுங்கள், ஏனென்றால் பேரப்பிள்ளை வீட்டுப் பயணம் குறித்த தேதியில் முடிவது அபூர்வம்.

இதே நேரத்தில் செய்ய வேண்டிய, பலரும் மறந்துவிடுகிற ஒரு சிறு வேலை இருக்கிறது. கைப்பேசியில் சேமித்த எண்களைத் திறந்து, ஊர் எண்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் +91 இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பத்து இலக்கத்தை அழுத்தினால் போதும். அங்கே அதே பத்து இலக்கம் நம் ஊருக்கு வராது. சிங்கப்பூர் எண்ணுக்கு +65, மலேசியாவுக்கு +60, அமீரகத்துக்கு +971, இலங்கைக்கு +94. மகனின் எண்ணையும் வீட்டு முகவரியையும் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியில் சேமித்த எண் எதற்கும் உதவாது.

பேக்கா, அந்த ஊர் சிம்மா?

இதில் என் கருத்து தெளிவானது. பத்து நாளுக்குள் திரும்புகிறவர் நம் நிறுவனத்தின் ரோமிங் பேக்கையே போட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் அல்லது அதற்கு மேல் தங்குகிறவருக்கு, அந்த ஊர் சிம் ஒன்றை வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்வது செலவைப் பெரிதும் குறைக்கும். ஆனால் முதல்முறை தனியாகப் போகிற பெரியவராக இருந்தால், அங்கே சிம் வாங்கப் போகிறவருக்கும்கூட, ஒரு நாள் பேக் ஒன்றைப் போட்டு அனுப்பச் சொல்வேன். விமானம் இறங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் கைப்பேசி மிகவும் தேவைப்படுகிறது.

பேக் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். நாம் போகும் நாடு அந்தப் பேக்கின் பட்டியலில் இருக்கிறதா, வழியில் விமானம் மாறும் நாடும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கொழும்பு வழியாகவோ துபாய் வழியாகவோ செல்கிறவர் நடுவில் நான்கு மணி நேரம் உட்கார நேரும்போது இது முக்கியமாகிவிடுகிறது. பேக் எப்போது தொடங்குகிறது என்பது அடுத்தது. வாங்கிய நொடியிலிருந்தே நாள் எண்ணத் தொடங்குபவை உண்டு, வெளிநாட்டு டவரில் முதன்முதலில் சேரும்போது தொடங்குபவையும் உண்டு. ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, இந்திய நேரப்படி நள்ளிரவில் முடிகிற நாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இந்திய நள்ளிரவு என்பது அங்கே விடியற்காலை 2.30. டேட்டா அளவு தீர்ந்த பிறகு இணைப்பு நின்றுவிடுமா, அல்லது சாதாரணக் கட்டணம் ஓடத் தொடங்குமா என்ற கேள்விக்குக் கட்டாயம் பதில் வாங்குங்கள். நின்றுவிடும் பேக்கே நல்ல பேக். உள்வரும் அழைப்புக்கும் ரோமிங்கில் காசு உண்டு என்பதால், பேக்கில் எத்தனை நிமிடம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பேக்கை நிறுவனத்தின் செயலியிலேயே வாங்கலாம். சில எண்களில் சர்வதேச ரோமிங் என்ற வசதியையே தனியாக இயக்க வேண்டியிருக்கும். அதை இங்கிருக்கும்போதே, இரண்டு மூன்று நாள் முன்னதாகச் செய்து, இயங்கிவிட்டது என்ற எஸ்எம்எஸ் வந்த பிறகு அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை செய்யும் வேலை

வீட்டு வைஃபையோ உள்ளூர் டேட்டாவோ இருக்கும்போதே அமைப்புகளைத் திருத்திவிட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸ் திறந்து, சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் என்ற இடத்துக்குப் போனால், ஒவ்வொரு சிம்முக்கும் கீழே ரோமிங் என்ற பொத்தான் இருக்கும். ஐபோனில் மொபைல் டேட்டா என்ற பகுதிக்குள் டேட்டா ரோமிங் என்று இருக்கும். இப்போதைக்கு அதை அணைத்து வையுங்கள். அதே பக்கத்தில், இரட்டைச் சிம் போட்ட கைப்பேசிகளில், ஒரு சிம்மின் டேட்டா மங்கினால் மற்றதற்குத் தானாக மாறிக்கொள்ளும் வசதி ஒன்று ஒளிந்திருக்கும். அதை நிச்சயமாக அணைத்துவிடுங்கள். அந்த ஊர் சிம்மில்தான் வீடியோ பார்க்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, லிஃப்டுக்குள் சிக்னல் குறைந்த நொடியில் இந்தியச் சிம்முக்குத் தாவி ரோமிங் கட்டணத்தை ஏற்றிவிடுவது இதுதான்.

புகைப்படங்கள் தானாக மேகத்துக்கு ஏறுவதையும், செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பும் டேட்டாவும் பற்றிய பகுதியில், ரோமிங்கின்போது எந்தப் படமும் தானாக இறங்கக்கூடாது என்று வைக்கலாம். போகும் ஊரின் வரைபடத்தைக் கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கிக்கொண்டால் வழி தேட டேட்டா வேண்டியதில்லை. பிறகு டயலரில் ##002# என்று அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தட்டுங்கள். எடுக்காத அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஏதேனும் இருந்தால் அது நீங்கிவிடும். ரோமிங்கில் இருக்கும் எண்ணுக்கு வந்த அழைப்பு அப்படித் திரும்பும்போது, நாம் பேசாத பேச்சுக்கே கட்டணம் விழுவது உண்டு.

துபாய், ஷார்ஜா பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அமீரகத்தின் உள்ளூர் இணைப்புகளில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், ஆனால் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை உங்கள் கைப்பேசியிலும், இங்கே ஊரில் இருக்கும் வீட்டாரின் கைப்பேசியிலும் முன்பே போட்டு ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கியதும்

விமானம் நின்று, பெட்டி எடுக்கும் இடத்துக்கு வந்த பிறகு ஏரோபிளேன் மோடை எடுத்தால் போதும், அவசரப்பட வேண்டாம். ஓரிரு நிமிடத்தில் மேலே நிறுவனத்தின் பெயர் மாறி, பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சிக்னல் கோட்டின் அருகில் ஆர் என்ற சிறு ஆங்கில எழுத்தும் தோன்றும். ரோமிங்கில் இருக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்து நம் நிறுவனத்திடமிருந்து வரவேற்புச் செய்தி ஒன்று வரும். அதில் நம் பேக்கின் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பேக் இயங்குவது உறுதியான பிறகுதான் டேட்டா ரோமிங் பொத்தானைத் திறக்க வேண்டும். பேக் இல்லாமலே அந்தப் பொத்தான் திறந்திருந்ததுதான் எனக்கு அன்று நேர்ந்த கோளாறுக்குக் காரணம்.

சிக்னலே வரவில்லை என்றால் ஒருமுறை கைப்பேசியை அணைத்துத் திறங்கள். அப்போதும் வராவிட்டால், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, பட்டியலில் இருந்து பேக்கில் குறிப்பிட்ட நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். அழைப்பு வருகிறது, டேட்டா மட்டும் ஓடவில்லை என்றால், மொபைல் நெட்வொர்க் அமைப்புகளில், இணையத்தோடு சேரும் வாயிலின் பெயரைக் குறிக்கும் ஏபிஎன் என்ற இடத்தைப் பாருங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் என்று, நம் நிறுவனத்துக்கு உரிய பெயரே ஆங்கிலத்தில் அங்கே இருக்க வேண்டும்.

அந்த ஊர் சிம் வாங்குவதாக இருந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டைப் பதிவு செய்த பிறகே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரீபெய்டு சிம் தருவார்கள். அந்தச் சிம்மைப் போடுவதற்காக இந்தியச் சிம்மைக் கழற்றி எங்காவது வைத்துவிடாதீர்கள். இரண்டும் உள்ளேயே இருக்கட்டும், டேட்டாவுக்கு மட்டும் அந்த ஊர் சிம்மைத் தேர்ந்தெடுத்து, இந்தியச் சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு நம் நிறுவனங்கள் பெரும்பாலும் ரோமிங்கில் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், ஓடிபி மட்டும் செலவில்லாமல் வந்துகொண்டிருக்கும். யுபிஐ செயலியை அங்கே போய் நீக்கி மீண்டும் போடுவது வேண்டாம். அது நம் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் மறுபடி பதிவாகும். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம் கைப்பேசிக்குள் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டிருப்பதையும் நினைவில் வைத்தால், இந்தியச் சிம்மைக் கைப்பேசியிலேயே விட்டுவைப்பதன் அவசியம் புரியும். புது எண்ணுக்கு மாறலாமா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஊரார் அனைவரிடமும் இருப்பது பழைய எண்தான். ஒற்றைச் சிம் கைப்பேசியாக இருந்து, இசிம், அதாவது அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் சிம் வசதி, அதில் இருந்தால், அந்த ஊர் இணைப்பை இசிம்மாக வாங்கிக்கொள்வது இந்தச் சிக்கலை முழுவதுமாகத் தீர்த்துவிடுகிறது.

தங்கும் நாட்களில் எவ்வளவு டேட்டா பிடிக்கும் என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. குரல் அழைப்பு நிமிடத்துக்குச் சுமார் அரை எம்பி, வீடியோ அழைப்பு அதைப்போலப் பத்து மடங்கு. திருவாரூர் ஆழித்தேர் ஓட்டத்தை யூடியூப் நேரலையில் பார்க்க ஆசைப்பட்டால், மகன் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் சில நூறு எம்பி போய்விடும், அது சிறிய பேக் முழுவதற்கும் சமம்.

எல்லையோர ஊர்களில் மிகுந்த கவனம் வேண்டும். சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸ் பகுதியில் வீடு இருந்தால், ஜொகூர் நீரிணைக்கு அக்கரையிலிருந்து மலேசிய டவரின் சிக்னல் அறைக்குள்ளேயே வரும். பேக் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதாக இருந்தால், கைப்பேசி தானாக அக்கரைக்குத் தாவியதும் பேக் செல்லாமல் போகும். அப்படிப்பட்ட இடத்தில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்துப் பூட்டி வைப்பதே சரி.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பலில் போகிறவர்களுக்கும் இதே முறைகள்தான். நாகை துறைமுகத்தைவிட்டுச் சற்றுத் தள்ளியதும் நம் சிக்னல் அறுந்துவிடும், நடுக்கடலில் எதுவும் இருக்காது, யாழ்ப்பாணக் கரை நெருங்கும்போது இலங்கை நிறுவனத்தின் பெயர் தோன்றும். ஆகவே டேட்டா ரோமிங்கைத் துறைமுகத்திலேயே அணைத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். பெரிய சுற்றுலாக் கப்பல்களிலும் சில விமானங்களிலும் செயற்கைக்கோள் வழியாகத் தனி நெட்வொர்க் இருக்கும். சாதாரண நாட்டுப் பேக்குகள் அதற்குச் செல்லாது, கட்டணமும் மிக அதிகம். அங்கே ஏரோபிளேன் மோடிலேயே இருந்துவிடுவது உத்தமம்.

திரும்பி வரும் நாளில் வேலை குறைவு. விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். திருச்சியில் இறங்கியதும் நெட்வொர்க்கை மீண்டும் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றி, டேட்டாவுக்கு இந்தியச் சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்ய மறந்துவிட்டு, ஊர் வந்தும் சிக்னல் இல்லை என்று வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள் அடுத்த பில்லில் ரோமிங் பகுதியைத் தனியாகப் படித்து, பேக் செல்ல வேண்டிய நாளில் சாதாரணக் கட்டணம் போட்டிருந்தால், எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டோடு உடனே புகார் பதிந்து, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.